திருப்பூரில் ஆர்.டி.இ. இடம்: குலுக்கலுக்கு முன்பே முடிவாகிவிடுவது

பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். 2023-ல் என் மகளுக்கு ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கிடைத்தது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி (அதைத்தான் சுருக்கமாக ஆர்.டி.இ. என்கிறோம்), சிறுபான்மையினர் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும்.

அந்த வருடம் ஏப்ரல் 20 முதல் மே 18 வரை ஆன்லைனில் விண்ணப்பம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளைத்தான் முதலில் கேட்க முடியும். செல்போனிலேயே போடலாம். தெரியாதவர்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். இதில் சிரமம் ஒன்றும் இல்லை. சிரமமெல்லாம் காகிதத்தில்தான்.

நலிவடைந்த பிரிவில் கேட்க, ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று தாசில்தாரின் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தோம். வி.ஏ.ஓ. கேட்ட முதல் கேள்வி, "சம்பளச் சீட்டு எங்கே?" பீஸ் ரேட்டுக்குத் தைப்பவனுக்குச் சனிக்கிழமை கையில் காசு வரும், சீட்டு எங்கிருந்து வரும்? கடைசியில் கம்பெனி சூப்பர்வைசர் லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். அதை வைத்துத்தான் மனு ஆர்.ஐ.யை (வருவாய் ஆய்வாளரை) தாண்டி தாசில்தாருக்குப் போனது. இப்படி எழுதிக் கொடுக்க எல்லாக் கம்பெனியிலும் ஆள் இருக்க மாட்டார்.

அடுத்தது முகவரி. நாங்கள் ரேஷன் கார்டை ஏற்கெனவே இங்கே மாற்றியிருந்ததால் தப்பித்தோம். எங்கள் லைனில் நான்கு வீடு தள்ளி ஒரு குடும்பம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த அக்கா கட்டட வேலைக்குப் போகிறார். அவர் மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. கார்டு, ஆதார் எல்லாம் ஊர் முகவரியில். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுத்துவிட்டார். ஒப்பந்தம் எழுதினால் வரிக்காரர்கள் வருவார்கள் என்ற பயம். எங்களைவிடக் கஷ்டப்படும் குடும்பம் அது. விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை.

குலுக்கல் மே மாதக் கடைசியில் பள்ளியிலேயே நடந்தது. 10 இடங்கள். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே இடம் கொடுத்துவிட்டு, மீதிப் பெயர்களைச் சீட்டில் எழுதி, எல்லோருக்கும் காட்டி டப்பாவில் போட்டார்கள். ஒரு சிறுமிதான் எடுத்தாள். துறை அலுவலர் பக்கத்திலேயே நின்றார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், நியாயமாக நடந்தது. ஆனால் அந்த டப்பாவுக்குள் அக்கா மகன் பெயர் இல்லையே! குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், யார் பெயர் உள்ளே போகிறது என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இடம் கிடைத்த பிறகு புத்தகம், யூனிஃபார்ம், "இதர செலவு" என்று பள்ளியில் ஒரு தொகை கேட்டார்கள். சீருடை, பாடப்புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஏப்ரலில்தான் சொல்லியிருந்தது. "ரசீது போட்டுக் கொடுங்கள், கல்வி அலுவலகத்தில் காட்டிக் கேட்கிறேன்" என்றேன். "இதர செலவு" உடனே மறைந்தது, மற்றதைக் கட்டினோம். யாராயிருந்தாலும் ரசீது கேளுங்கள். வகுப்பில் எந்த வேறுபாடும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கடை முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு அருகில்தான் என் மகள் உட்காருகிறாள்.

2025-ல், சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசுக் கல்வித் திட்டத்தின் நிதித் தகராறில் ஏப்ரல், மே மாதங்களில் சேர்க்கையே தொடங்கவில்லை. அக்டோபரில் தொடங்கியபோது, ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குள்தான் தேர்வு. ஜூன் மாதமே பணம் கட்டிச் சேர்க்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்றால், அந்த அக்கா போன்றவர்களுக்கு என்ன மிச்சம்? வேறு ஊர் ரேஷன் கார்டு வைத்திருக்கும் தொழிலாளிக்கு, கம்பெனியோ மேஸ்திரியோ கொடுக்கும் கடிதத்தை முகவரிச் சான்றாக ஏற்க வேண்டும். சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடிய மாற்றம் இது.

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வருமானச் சான்று ஒரு வருடம் செல்லும், ஜனவரியிலேயே மனு போட்டுவிடுங்கள். ஆதார் முகவரியை மாற்றுவதானால் அதற்கும் முன்பே.