நீச்சல் தெரிந்தவருக்கும் நடுக்குவாதம் வந்தால்

டெல்டாவில் நடுக்குவாதக்காரர்களுக்கு (பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு) இயன்முறைப் பயிற்சி தருபவர்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஆத்துல குளிக்கிறீங்களா?" மேட்டூர் திறந்து அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் வந்துவிட்டால், சின்ன வயதிலிருந்து நீந்தியவரை வீட்டில் உட்கார வைக்க முடியாது. "எனக்கா நீச்சல் தெரியாது?" என்பார். தெரியும்தான். ஆனால் ஒரு பக்கக் கைவீச்சு சுருங்கியிருக்கும். முதுகு இறுகி, மூச்சுக்கு முகம் திரும்பாது. விறைத்த கால் கீழே இறங்கும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு வாய்த் தண்ணீரே புரையேறப் போதும்.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நடை தேறியிருக்கும், நடுக்கம் குறைந்திருக்கும், நீச்சல் மட்டும் போயிருக்கலாம். நன்றாக நீந்திய 9 பேருக்கு இப்படி ஆனதை 2019-இல் சூரிச் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மின்முனையை இயக்கும் கருவியை நிறுத்திப் பார்த்த 3 பேருக்கு நீச்சல் உடனே திரும்பியது. அதற்காகக் கருவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போவது தீர்வல்ல. விறைப்பும் நடுக்கமும் திரும்பிவிடும்.

நீந்த முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பதை நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மாத்திரை வேலை செய்து உடம்பு இலகுவாக இருக்கும் நேரம்தான் சரி. தோள்பட்டைக்கடியில் உதவியாளர் கைகொடுக்க, மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள். பிறகு முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி, தலையை முன்னே கொண்டுவந்து, பாதம் ஊன்றி எழ வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்: தலை பின்னாலேயே நிற்கும், கால் மேலேயே மிதக்கும். கைகொடுக்காமல் எழ முடியாதவர் நீந்தக் கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

குளத்தில் தேறினாலும் ஆறு வேறு. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது. ஆடிப்பெருக்கோ துலா ஸ்நானமோ, பாசியில்லாத படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். முடித்ததும் சட்டென்று எழ விடாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

உடன் வருபவர் நீச்சல் தெரிந்தவராக, நீர் ஓடும் திசையில் ஒரு படி கீழே நிற்க வேண்டும். உடம்பு அசையாமல் உறைந்துவிட்டால் கையைப் பிடித்து இழுக்காமல், பின்னாலிருந்து இரு அக்குளிலும் கைகொடுத்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டே படிக்குக் கொண்டுவர வேண்டும்.