தினவெடுக்கும் மட்டக்குதிரை: கொருக்குப்பேட்டை நாட்குறிப்பு

ஆகஸ்டு 17

எங்கள் மட்டக்குதிரை ராணியின் பிடரி மயிர் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்த துடைப்பம் போலக் குட்டையாகிவிட்டது. வாலின் அடியிலும் முடி முறிந்து, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக நிற்கிறது. மேல்வரிசை ஓரப் பல்லில் ஓடும் பள்ளக்கோடு பல்லின் நுனிவரை இறங்கிவிட்டதால், அவளுக்கு வயது இருபதை ஒட்டியிருக்கும் என்று லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பாய் கணிக்கிறார். “வயசான தோல் அரிக்கத்தான் செய்யும்மா, எண்ணெய் தடவுனா போதும்” என்றார். ஜட்கா வண்டி ஓடிய காலத்திலிருந்து குதிரைகளோடு வாழ்ந்தவரின் சொல்லை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் முதுமை மட்டுமே காரணமென்றால் உடல் முழுதும் அரித்திருக்க வேண்டும். இவளோ பிடரியையும் வாலடியையும் மட்டுமே தேர்ந்தெடுத்துச் சுவரில் தேய்க்கிறாள்.

ஆகஸ்டு 20

மருத்துவர் வந்து பார்த்தார். வால் தேய்ப்புக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஊசிப்புழுவை என்றார். அந்தப் புழு ஆசனவாயின் வெளியே வந்து பசையோடு முட்டையிடுவதால், சாணப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்குவதில்லை. ஆகவே காலையில் கழுவுவதற்கு முன் வாலின் கீழே ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிடரியைப் பிரித்துப் பேனும் ஈரும் தேடினார். குளம்புக்கு மேலே உள்ள முடியில் சிற்றுண்ணிச் சொறி உண்டா என்று தடவிப் பார்த்தார். வட்டமாக முடி உதிரும் படர்தாமரையும் இல்லை. வயதான குதிரைகளில் பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறால் முடி நீண்டு வளர்ந்து உதிராமல் நிற்கும்; தண்ணீரும் அதிகம் குடிக்கும்; நோயெதிர்ப்பு குறைந்து தோல் நோய்களும் எளிதில் தொற்றும். ராணியின் முடி குட்டையாகவும் பளபளப்பாகவும் இருப்பதால் அந்த ஐயத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தார்.

புழு மருந்தின் அளவுக்கு எடை தெரிய வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் தோராய எடை கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 135 சுற்றளவும் 125 நீளமும் சேர்ந்து ஏறத்தாழ 192 கிலோ என்று வந்தது. ஐவர்மெக்டின் ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்பதால் 38 மில்லிகிராம் கொடுத்தார்.

ஆகஸ்டு 22

ஒட்டுநாடாவில் முட்டை எதுவும் இல்லை.

ஆகஸ்டு 30

எங்கே அரிக்கிறது என்பதோடு எப்போது அரிக்கிறது என்பதையும் கவனித்து எழுதிவைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். நண்பகலில் ராணி அமைதியாகக் கொள்ளு தின்கிறாள். வெயில் இறங்கி, கடற்காற்று ஓய்ந்து, கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கமிருந்து ஈர நெடி எழும்போது தலையை உதறவும் காலை உதைக்கவும் தொடங்குகிறாள். விடியற்காலையில் மீண்டும் அதே ஆட்டம். டார்ச் விளக்கைப் பிடரிக்கு அருகே பிடித்தபோது, கொசுவைவிடச் சிறிய, புள்ளி போன்ற பூச்சிகள் முடிக்குள் நுழைவது தெரிந்தது.

நான் எடுத்த படங்களைப் பார்த்ததும் மருத்துவர் உறுதியாகச் சொன்னார்: இவை குலிக்காய்டிஸ் என்னும் நுண்பூச்சிகள், சேற்றிலும் மட்கும் சாணத்திலும் பெருகுபவை. பெண் பூச்சி இரத்தம் உறிஞ்சும்போது இறங்கும் எச்சிலுக்கு எதிராகக் குதிரையின் உடல் மிகையாகச் சீறுவதே இந்தத் தினவு. இங்கே பூச்சி கடிக்காத குதிரை கிடையாது. ஒவ்வாமை உள்ளதற்கே இந்தத் துன்பம். மெரினாப் பக்கம் காற்றோட்டமான இடத்தில் இருந்தவரை இவளுக்கு இப்படி வந்ததில்லை என்று பாய் நினைவுகூர்ந்தபோது, மருத்துவர் ஐஸ்லாந்துக் குதிரைகளைப் பற்றிச் சொன்னார். இப்பூச்சிகளின் தொல்லையின்றித் தம் நாட்டில் வளர்ந்து பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் குதிரைகளுக்கு, ஐரோப்பாவிலேயே பிறந்த அதே இனக் குதிரைகளைவிட இந்நோய் மிக அதிகமாக வருகிறதாம்.

செப்டம்பர் 6

வைத்தியம் சொல்ல வருவோருக்குக் குறைவில்லை. ஒருவர் மெக்கானிக் கடையின் கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசச் சொன்னார். அது தோலை எரித்து, நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். இன்னொருவர் மாட்டுக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் உண்ணி மருந்தைக் கொண்டுவந்தார். மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படும் அந்த மருந்து குதிரையின் குடல் அசைவை நிறுத்தி, சாணம் இறுகி, உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைக் குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தெருவில் சிலர் சொறி ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை விலக்கி நிறுத்துகிறார்கள். ஒவ்வாமை யாருக்கும் ஒட்டாது என்று வாசலில் நின்று விளக்குவதே ஒரு வேலையாகிவிட்டது.

செப்டம்பர் 15

பாயின் உறவினர் ஒருவருக்குக் காசிமேட்டில் கடலைப் பார்த்த கொட்டகை ஒன்று இருக்கிறது. சோதித்துப் பார்க்க ராணியைச் சில நாள்கள் அங்கே கட்டினோம். தீவனமும் மருந்தும் அவையே. மாறியது காற்று ஒன்றுதான். தேய்ப்பு வெகுவாகக் குறைந்தது. நுண்பூச்சிகளுக்குப் பறக்கும் வலிமை குறைவு. காற்றை எதிர்த்து அவற்றால் குதிரையை அடைய முடிவதில்லை. எண்ணெய் போதும் என்று சொன்ன பாயே, “லாயத்துல ஃபேன் போட்டுடலாம்மா” என்றார்.

செப்டம்பர் 28

பிடரியையும் வாலையும் நோக்கிப் பெரிய மின்விசிறிகளைச் சுவரில் உயரமாகப் பொருத்தி, கம்பி அவள் வாய்க்கு எட்டாதபடி குழாய்க்குள் இழுத்தோம். சாணத்தை மாலைக்குள் அப்புறப்படுத்துகிறோம். தொட்டியைச் சுற்றித் தேங்கும் நீருக்கு வடிகால் வெட்டியாயிற்று. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் இந்தப் பூச்சி புகுந்துவிடுவதால், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணி வாங்கி, கழுத்திலிருந்து வாலடி வரை மூடும் போர்வையாகத் தைக்கக் கொடுத்தேன். அளவு கேட்ட தையல்காரர், குதிரைக்கா என்று இருமுறை உறுதிசெய்துகொண்டார். சென்னையின் புழுக்கத்தில் அதைப் பகலெல்லாம் போடுவது கொடுமை. அந்தி முதல் காலை வெயில் ஏறும்வரை மட்டுமே போர்த்துகிறோம், வியர்த்திருந்தால் கழற்றிவிடுகிறோம்.

அக்டோபர் 12

தேய்த்துப் புண்ணான இடத்தில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும் என்பதே பெரிய அச்சம். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, அந்திக்குள் நன்றாக உலர்த்துகிறோம். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து, முதலில் சிறிய இடத்தில் தடவிப் பார்த்துவிட்டே, புண்ணைத் தவிர்த்துப் பூசுகிறோம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரே நாளில் அரிப்பு அடங்குமே என்று கேட்டேன். அந்த ஸ்டீராய்டு சில குதிரைகளுக்குக் குளம்பு அழற்சியை வருவிக்கும், கொழுத்த உடலும் முதிய வயதும் கொண்ட மட்டக்குதிரைக்கு அந்த அபாயம் கூடுதல், ஆகவே வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம் என்றார் மருத்துவர். அது சரியென்றே படுகிறது.

நவம்பர் 9

மழை விட்ட மாலைகளில் பூச்சி அதிகம். மின்சாரம் நின்ற ஓர் இரவில் வாலடியை மறுபடியும் தேய்த்துக்கொண்டாள். மற்றபடி பிடரியில் விரல் அகலத்துக்குப் புதுமுடி நிமிர்ந்து நிற்கிறது. தடித்த தோல் மட்டும் இன்னும் இளகவில்லை. விசிறிக்கு இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுக்க மின்பணியாளரிடம் சொல்லியிருக்கிறேன். மாற்றுப் போர்வை ஒன்றும் தைத்தாக வேண்டும், ஏனெனில் மழைக்காலத்தில் துவைத்த துணி மாலைக்குள் காய்வதில்லை.