கல்லூரிகளை இணைத்தால் மிச்சமாகும் பணம் எங்கே போகிறது?

ஸ்காட்லாந்தில் காலேஜ் என்று சொன்னால் அது பல்கலைக்கழகம் அல்ல. நம்மூர் ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் ஒரே நிர்வாகத்தில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வெல்டிங், சமையல், முதியோர் பராமரிப்பு, விமானப் பழுதுபார்ப்பு எல்லாம் அங்கேதான். இந்தக் கல்லூரிகளைத்தான் 2012-க்கும் 2014-க்கும் இடையே அரசு மளமளவென்று இணைத்தது. கல்லூரி நிர்வாகத்தை ஆராய அரசு அமர்த்திய குழுவின் தலைவர் ரஸ்ஸல் கிரிக்ஸ் 2012 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார், 2013-இல் சட்டம் வந்தது, நாடு 13 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பத்து மண்டலங்களில் மண்டலத்துக்கு ஒரே கல்லூரி.

சிறிய கல்லூரிகளை ஒன்றாக்கினால் வட்டாரத் தொழில் வளரும் என்று பல நாடுகளில் இன்றும் பேசுகிறார்கள். வளரும், ஆனால் எல்லைக் கோட்டைச் சரியான இடத்தில் போட வேண்டும். மக்கள் வேலைக்குப் போய் வரும் தூரம் எதுவோ அதுதான் அந்தக் கோடு. அதைத் தாண்டினால் கல்லூரி பெரிதாகும், படிக்க வருகிறவர்கள் குறைவார்கள்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள அயர்ஷயரைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் அயர் கல்லூரி, கில்மார்னக் கல்லூரி, ஜேம்ஸ் வாட் கல்லூரியின் வடக்கு அயர்ஷயர் கிளைகள் மூன்றும் சேர்ந்து அயர்ஷயர் கல்லூரி ஆனது. பக்கத்திலேயே பிரெஸ்ட்விக் விமான நிலையம், அதைச் சுற்றி விமான பாகங்கள் செய்யும், பழுதுபார்க்கும் நிறுவனங்கள். முன்பு ஒரு நிறுவனத்துக்கு இருபது பயிற்சியாளர்கள் வேண்டுமென்றால் மூன்று கல்லூரிகளோடு தனித்தனியாகப் பேச வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போடும். இணைப்புக்குப் பிறகு ஒரே இடத்தில் பேசினால் போதும். விமானப் பொறியியலுக்கான கருவிகளை அயர் வளாகத்தில் குவிக்க முடிந்தது. கில்மார்னக்கில் 2012-இல் மூடப்பட்ட ஜானி வாக்கர் பாட்டில் நிரப்பும் ஆலையின் இடத்திலேயே 2016-இல் புதிய வளாகம் எழுந்தது. வேலை போன ஊரின் நடுவில், வேலை கற்றுத்தரும் கட்டடம்! இணைப்பின் நல்ல பக்கம் இது. சிறிய கல்லூரி தனியாக இருந்திருந்தால் இந்த அளவுக்கு முதலீடு கிடைத்திருக்காது.

ஆனால் வடக்கு அயர்ஷயரின் கடலோர ஊரான லார்க்ஸில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளையை யோசியுங்கள். அயர் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் கில்வினிங்கில் இறங்கி வண்டி மாற வேண்டும். காலை ஒன்பது மணி வகுப்புக்கு அந்தப் பிள்ளை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஆரன் தீவிலிருந்து வருபவருக்கு இதற்கு முன்னால் கப்பல் வேறு. பகல் வேலை முடித்து மாலை வகுப்புக்கு வரும் நாற்பது வயதுக்காரரோ முதல் மாதத்திலேயே நின்றுவிடுவார்.

அதனால் எந்தப் படிப்பை எங்கே வைப்பது என்பதை அந்தப் படிப்பின் நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தின் தகுதிப் படிக்கட்டில் 4, 5 ஆம் நிலைப் படிப்புகள், அதாவது பள்ளியை விட்டு வந்ததும் சேருபவை, எல்லா வளாகத்திலும் இருந்தே ஆக வேண்டும். 7 ஆம் நிலையான எச்.என்.சி. (உயர் தேசியச் சான்றிதழ்), 8 ஆம் நிலையான எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளமோ) படிப்பவர்கள் கொஞ்சம் தூரம் வருவார்கள். விலையுயர்ந்த இயந்திரங்களும் அங்கேதான் தேவை. எனவே மேல்நிலையை ஓரிடத்தில் சேர்க்கலாம். பல நிர்வாகங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. சிறிய வளாகத்தில் ஆறு பேர் இருக்கும் தொடக்க வகுப்பு கண்ணை உறுத்தும், அதை முதலில் மூடுவார்கள். மேல்நிலைக்கு ஆள் வருவதே அந்த ஆறு பேரிலிருந்துதான்.

இனி பணம். இணைப்புகளால் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று ஸ்காட்லாந்துக் கல்லூரிகளுக்கு அரசு நிதி வழங்கும் அமைப்பு எதிர்பார்த்தது. பெரும்பகுதி ஆட்குறைப்பிலிருந்து வருவது: மூன்று முதல்வர்கள் இருந்த இடத்தில் ஒருவர், மூன்று கணக்குப் பிரிவுகள் இருந்த இடத்தில் ஒன்று, விருப்ப ஓய்வில் போனவர்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பிரிட்டன் சட்டப்படி, நிறுவனம் கைமாறினால் ஊழியரின் பழைய சம்பளமும் விடுப்பும் அப்படியே கூட வரும். ஒரே ஓய்வறையில், ஒரே பாடம் எடுக்கும் மூன்று விரிவுரையாளர்கள் மூன்று சம்பளம் வாங்கினார்கள். இதைச் சமன்செய்தால் எப்போதும் மேலே உள்ள சம்பளத்துக்குத்தான் போகும், கீழே போகாது. நாடு முழுவதற்கும் ஒரே ஊதியம் என்று பேச்சு தொடங்கி, 2016, 2017-இல் வேலைநிறுத்தங்கள் நடந்து, ஒப்பந்தம் ஆனது. அதன் ஆண்டுச் செலவும் ஏறத்தாழ மிச்சம் என்று சொன்ன அதே அளவுதான்.

ஆசிரியர்கள் கேட்டது நியாயம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதில் பேச என்ன இருக்கிறது? இணைப்புத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அந்தத் தொகையைக் கணக்கில் காட்டாததுதான் தவறு. இப்போது எங்காவது இணைப்புக்குத் திட்டம் போடுகிறவர்கள், இணையும் கல்லூரிகளில் மிக உயர்ந்த சம்பள அடுக்கை எடுத்து எல்லோருக்கும் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் ஏதாவது மிஞ்சினால் மட்டும் மிச்சம் என்று எழுதட்டும்.

பழைய கடன்களும் கூடவே வரும். அயர்ஷயர் கல்லூரியில் சேர்ந்த கிளைகளில் ஒன்றான கில்வினிங் வளாகம் தனியார் கட்டிக்கொடுத்து ஆண்டாண்டுக்குக் கட்டணம் வாங்கும் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தச் சுமை புதிய கல்லூரியின் தலையில் விழுந்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 2014 ஏப்ரலிலிருந்து கல்லூரிகள் கணக்கில் அரசு அமைப்புகளாக மாறின. சேமிப்பைக் கையில் வைத்துக்கொள்ள வழியில்லாமல் தனி அறக்கட்டளைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பாடவருடம் ஆகஸ்டில் தொடங்க, அரசின் நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கணக்குப் பிரிவினர்.

எல்லைக் கோட்டை நாட்டின் அளவுக்கே இழுத்தால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்து காட்டிவிட்டது. 2020 ஏப்ரலில் 16 தொழிற்கல்வி நிறுவனங்களையும் தே பூகெங்கா என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். தலைமையகம் ஹாமில்டனில். தெற்குக் கோடியில் இன்வர்கார்கில் கல்லூரி 2001 முதல் கல்விக் கட்டணமே வாங்காமல் மாணவர்களை ஈர்த்து, ஊரையே தாங்கிப் பிடித்த ஒன்று. அப்படிப்பட்ட ஊர் தன் கல்லூரியைப் பற்றிய முடிவு நாட்டின் மறுகோடியில் எடுக்கப்படுவதை எப்படி ஏற்கும்? 2023 இறுதியில் புதிய அரசு அமைப்பைக் கலைக்க முடிவெடுத்தது. 2026 ஜனவரி முதல் பத்து நிறுவனங்கள் மீண்டும் தனியாக இயங்குகின்றன. சேர்க்கவும் செலவு, பிரிக்கவும் செலவு.

வடக்கு அயர்லாந்து 2007-இல் 16 கல்லூரிகளை ஆறாக்கியது. அந்த ஆறும் இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்துக்கானது. எனவே இணைப்பு வேலையில் முதலில் செய்ய வேண்டியது, மாணவர் பதிவேட்டிலிருந்து வீட்டு முகவரிகளை எடுத்து வரைபடத்தில் குத்துவது. பேருந்து, ரயில் நேரத்தை அதன் மேல் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் எந்த வளாகத்துக்கு யார் வர முடியும் என்று பார்ப்பது. உள்ளூர் முதலாளிகளின் பட்டறைகளையும் அதிலேயே குறிப்பது. பெயர்ப்பலகை, சின்னம், சீருடை நிறம் பற்றிய கூட்டங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.