பாட்டியின் பற்று நோட்டும் என் ஜப்பானிய மொழியும்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சிங்கப்பூரில் இதற்குப் பொது விடுமுறை கிடையாது, அதனால் அரை நாள் லீவு போட்டுவிட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் பால்குடம் எடுத்த அத்தையைப் பார்த்துவிட்டு, அப்படியே திருநீறோடு மாலை ஜப்பானிய வகுப்பிலும் போய் உட்கார்ந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு: நான் அகிலா, 31 வயது, ஊபி பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 நிலை தேறியாயிற்று, டிசம்பரில் அடுத்த நிலை என்2. அனிமே பார்த்து வந்த ஆசை இல்லை. டோக்கியோவில் கணக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானின் உயர்திறன் விசாவுக்குப் புள்ளி எண்ணுகிறார்கள், 70 வேண்டும். அதில் என்2க்கு 10 புள்ளி, என்1க்கு 15. வயதுக்கும் உண்டு: 30 ஆவதற்குள் 15, 34 வரை 10, 39 வரை 5, அப்புறம் ஒன்றுமில்லை. கணக்கு மொழியில் சொன்னால் நேர்கோட்டு முறைத் தேய்மானம்: ஒரே அளவாக மதிப்பு குறைந்துகொண்டே போய், கடைசியில் எச்ச மதிப்பு பூஜ்யம். எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில் 'லா' கிடையாது, என் பெயரை எழுதினால் 'அகிரா' ஆகிவிடுகிறது. அது அங்கே பெரும்பாலும் ஆண் பெயர். வகுப்பில் இப்போது என்னை அகிரா தம்பி என்கிறார்கள்.

மார்ச் 8, சனி

வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ், மற்றவர்கள் எல்லாம் சீனர்கள். கஞ்சி எழுத்தில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தில், இலாப நட்டக் கணக்கு என்று போர்டில் எழுதினால், உச்சரிப்பு தெரியாவிட்டாலும் அவர்களுக்கு அர்த்தம் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கோடு எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்2க்குச் சுமார் ஆயிரம் கஞ்சி வேண்டும் என்று வீட்டில் சொன்னதற்கு, ஆயிரம் கஞ்சியை யாருடி காய்ச்சுவது என்றார் பாட்டி.

ஆனால் இலக்கணம் வந்தால் ஆட்டம் மாறிவிடும். இன்று 'தபேதே மிரு'வை விளக்க சென்செய் (ஆசிரியர்) அரை மணி நேரம் ஆங்கிலத்தில் மல்லுக்கட்டினார். தமிழில் அது 'சாப்பிட்டுப் பார்', முடிந்தது. 'கைதே ஒகு' என்றால் 'எழுதி வை'. 'வாசுரெதே ஷிமத்தா' என்றால் 'மறந்துவிட்டேன்'. வினையெச்சத்துக்குப் பின்னால் துணைவினை, நாம் மூன்று வயதிலிருந்து பேசுவதுதான். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதாடினார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, எனக்கு வீட்டுப்பாடம் சீக்கிரம் முடிகிறது. மூன்று வருடமாக இதை ஆங்கிலம் வழியாகப் படித்துத் தொலைத்தேனே என்றுதான் எரிச்சல்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஜப்பானில் இன்று புது நிதியாண்டு. எனக்கு ஒன்றுமில்லை, மார்ச் மாதக் கணக்கு முடியவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

போக்கி புத்தகத்தை எடுத்தேன். ஜப்பானில் கணக்கு வேலை என்றாலே முதலில் கேட்பது நிஷ்ஷோ போக்கி, அங்குள்ள வர்த்தக தொழிற்சபை நடத்தும் கணக்குப் பதிவுத் தேர்வு. 3ஆம் நிலையில் தொடங்கி 1ஆம் நிலை வரை, 100க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. பத்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவள், 3ஆம் நிலையை ஒரு வாரத்தில் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்து முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

கணக்கேட்டின் இடது பக்கத்துக்குப் பெயர் 'கரிகதா', வலது பக்கத்துக்கு 'கஷிகதா'. கரிரு என்றால் கடன் வாங்குவது, கசு என்றால் கடன் கொடுப்பது. சரி, ரொக்கம் கொடுத்து ஒரு நாற்காலி வாங்கினால் நாற்காலி இடது பக்கம் போகும், அப்போது கடன் வாங்கியது யார், நாற்காலியா? அர்த்தம் தேடாதே என்றார் சென்செய். ஹிராகனா எழுத்தில் 'ரி'யின் கடைசிக் கோடு இடப்பக்கம் வளையும், 'ஷி' வலப்பக்கம் வளையும், அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள் என்றார். அங்கே எல்லோரும் அப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்களாம்.

எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி பாட்டியிடம் புலம்பினேன். பாட்டிக்கு 91. தாத்தா சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில் கடன் நோட்டு பாட்டி கையில்தான். "பற்றுன்னா அந்த ஆளு நம்மகிட்டேர்ந்து எடுத்துட்டுப் போனது. வரவுன்னா அந்த ஆளு கொண்டாந்து குடுத்தது. நோட்டுல பேரு யாரோடதோ அவனைப் பார்த்துத்தாண்டி கணக்கு, நம்மளைப் பார்த்து இல்ல" என்றார்.

அதேதான். கரிகதா என்பது எதிராளி நம்மிடம் கடன்பட்ட பக்கம், அதாவது பற்று. கஷிகதா அவன் நமக்குக் கொடுத்த பக்கம், அதாவது வரவு. ஆள் கணக்குக்காகப் பிறந்த வார்த்தையைப் பிற்பாடு நாற்காலிக்கும் மாட்டிவிட்டார்கள். மேற்கத்திய கணக்குப் பதிவை ஃபுகுஸாவா யுகிச்சி 1873ல் ஓர் அமெரிக்கப் பாடநூலை மொழிபெயர்த்து ஜப்பானுக்குக் கொண்டு வந்தார், 2024 வரை பத்தாயிரம் யென் நோட்டில் இருந்தாரே, அவர்தான். டெபிட் என்ற சொல்லின் லத்தீன் வேரும் கடன்பட்டிருப்பதுதான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன், டெபிட் என்றால் இடது பக்கம் என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் வகுப்புக் கட்டணத்துக்குப் பாட்டியிடம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருந்தேன். விளக்கி முடித்த கையோடு நோட்டை எடுத்துக் காட்டினார். "அகிலா, ஜப்பான் பாடம், பற்று 600."

ஜூன் 14, சனி

அவமானம். பயிற்சிக்காக ஒரு ஜப்பானியக் கம்பெனியின் நிதி முடிவு அறிக்கையைப் படித்து வகுப்பில் பேச வேண்டும். எண்களுக்கு முன்னால் சின்ன முக்கோணம் இருந்தது. மாற்றத்தைக் குறிக்கும் டெல்டா என்று நினைத்து, இயக்க இலாபம் நன்றாக ஏறியிருக்கிறது என்று பாராட்டி வேறு பேசிவிட்டேன். முக்கோணம் என்றால் மைனஸ். இங்கே அடைப்புக்குறிக்குள் போடுவோமே, அதை அங்கே முக்கோணமாகப் போடுகிறார்கள். நான் பாராட்டியது நட்டத்தை.

பெரிய எண்களும் உயிரை வாங்குகின்றன. அவர்கள் ஆயிரத்தில் நிற்காமல் பத்தாயிரத்தில் நிற்கிறார்கள், அது ஒரு 'மன்'. பத்தாயிரம் மன் சேர்ந்தால் ஒரு 'ஒகு'. மில்லியனில் யோசித்தால் ஒவ்வொரு முறையும் கமாவைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. லட்சம் கோடிக்கு மாறிப் பார்த்தேன்: 10 மன் ஒரு லட்சம், 1 ஒகு பத்துக் கோடி, ஒரு சைபரைக் கூட்டிக் குறைத்தால் போதும். சிங்கப்பூரில் பிறந்த எனக்கு லட்சமும் கோடியும் சினிமா வசனத்தில் கேட்டதுதான், பிழைப்புக்கு உதவும் என்று நினைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தினம், நாட்டுக்கு 60. டிவியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். "இச்சி, நி, சன், ஷி" என்று பாட்டி ஆரம்பித்துப் பத்து வரை நிறுத்தாமல் சொல்லி முடித்தார். 1942ல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து ஊர் பெயர் சியோனான் ஆனபோது பாட்டிக்கு எட்டு வயது. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தார்களாம், பள்ளிக்கூடத்தில் காலையில் ஜப்பானிய தேசிய கீதமான கிமிகயோ பாடி உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன சித்தப்பா ஒருவர் திரும்பவில்லை என்றும் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

அப்போது புழங்கியது வாழைமரம் போட்ட நோட்டு. கொள்ளுத்தாத்தா ஒரு டின் நிறையச் சேர்த்து வைத்தார், 1945ல் ஜப்பான் சரணடைந்ததும் அத்தனையும் வெறும் காகிதம். "அவங்க ஊருக்குப் போகாதேன்னு சொல்லல. சம்பளத்தை வாங்கினவுடனே வெள்ளியா மாத்தி வச்சிடு." யென் நிலவரத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

முதல் வீடியோ நேர்காணல் போன வாரம், பதில் இன்று. கிடைக்கவில்லை.

கணக்குக் கேள்விகளில் நான் தடுமாறவே இல்லை. குட்வில், அதாவது ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகை, அதைப் பற்றிக் கேட்டார்கள்: ஜப்பானிய முறையில் அதை 20 ஆண்டுகளுக்குள் தேய்த்து எழுதுவார்கள், இங்கே தேய்க்காமல் ஆண்டுதோறும் மதிப்பு குறைந்திருக்கிறதா என்று சோதிப்போம், இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னேன். அவர்களுக்கே உரிய 'கெய்ஜோ ரியெகி', இயக்க இலாபத்தோடு வட்டி வரவு செலவு போன்றவற்றைச் சேர்த்துக் காட்டும் சாதாரண இலாபம், அதையும் ஒழுங்காகச் சொன்னேன். சறுக்கியது மரியாதையில். உங்கள் நிறுவனம் என்பதற்குப் பேச்சில் 'ஒன்ஷா', எழுத்தில் 'கிஷா'. நான் வாய் நிறைய கிஷா கிஷா என்றேன். தலையாட்டிக்கொண்டே 'ர்யோகாய்' (புரிந்தது) என்றேன், அது மேலதிகாரியிடம் சொல்லக் கூடாதாம்.

எல்லாவற்றையும் விட மோசம், இப்போதைய மேலாளரைப் பற்றிப் பேசும்போது பெயரோடு மரியாதைச் சொல்லான 'சன்' சேர்த்துவிட்டேன். வெளியாளிடம் பேசும்போது நம் ஆளைத் தாழ்த்திப் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். விதி தெரியும், பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதுவேன். ஆனால் பெரியவர் முதுகுக்குப் பின்னாலும் 'அவர்' என்றே வளர்ந்த வாய்க்கு அது வரவில்லை. இந்த ஓர் இடத்தில் தமிழ் என்னைக் கவிழ்த்துவிட்டது.

மறுப்புக் கடிதம் என் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திப்பதாக முடிந்தது. அங்கே இதற்குப் பெயரே 'பிரார்த்தனை மெயில்'.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு. படிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதிவிட்டேன். மொழியறிவும் வாசிப்பும் 105 நிமிடம், கேட்டல் 50. மொத்தம் 180க்கு 90 வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19. கேட்டலில் முக்கியமான இடத்தில் பின்வரிசையில் யாரோ இருமினார்கள், ஒரு கேள்வி போச்சு. இந்தப் பரீட்சையில் பேச்சு கிடையாது, எழுதவும் வேண்டாம், பென்சிலால் வட்டத்தை நிரப்பினால் போதும். என்2 வந்தாலும் செப்டம்பரில் சறுக்கிய இடத்தில் இன்னும் சறுக்குவேன் என்பது எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து ஆன்லைனில் ஒருவரிடம் கெய்கோ, அதாவது மரியாதைப் பேச்சு மட்டும் பேசிப் பழகப் போகிறேன், வாரம் ஒரு மணி நேரம்.

திரும்பும் வழியில் தேக்காவில் தோசை. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் 200 வெள்ளி கொடுத்தேன், வரவு எழுதி, மீதியையும் அடியில் பெரிதாக எழுதி வைத்தார். நாளை திங்கள். நவம்பர் கணக்கு முடிக்க வேண்டும், பேங்க் ரெக்கான், அதாவது வங்கிக் கணக்கை நம் ஏட்டோடு ஒத்துப்பார்ப்பது, இன்னும் தொடவே இல்லை.