எண்பது டிகிரி வரும்வரை

ஜூன் 2, செவ்வாய்

பழைய கார் போய்விட்டது. வாங்கியவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பதினோரு வருஷம். தெருமுனை திரும்பும்போது பிரேக் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

அம்மாவின் கண்ணாடிக்கூடு டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது என்று ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 3, புதன்

முதல் முறையாக அலுவலகத்துக்கு இதில். சாவித்துளை ஸ்டியரிங்குக்கு இடது பக்கம். நான்கு தடவை வலது கை வெறும் இடத்தைத் தடவியது.

2006-ஆம் வருஷத்து போர்ஷே 911. அந்தத் தலைமுறையை 997 என்பார்கள். 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 325 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல். ஓடோமீட்டரில் 94 ஆயிரம் கிலோமீட்டர். பூஜ்யத்திலிருந்து நூறு ஐந்து வினாடி, உச்ச வேகம் மணிக்கு 285 என்று கம்பெனிக் கணக்கு. இன்றைக்கு என் பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர். கம்ப்யூட்டர் காட்டியது, சிரிக்கவில்லை.

எஞ்சின் எண்ணெய்க்கென்று தனியாக வெப்ப மீட்டர் இருக்கிறது. தண்ணீர் சீக்கிரமே 80 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. எண்ணெய் அப்படியில்லை. கிட்டத்தட்ட எட்டு லிட்டர் இருக்கிறதே, அதற்கு நேரம் வேண்டும். எண்ணெய் 80-க்கு வரும்வரை எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றைத் தாண்டக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர். முள் 80-ஐத் தொட்டபோது வாசல் காவலாளி கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

ஜூன் 4, வியாழன்

இடது முழங்கால் வலி. கிளட்ச்.

ஜூன் 6, சனி

ஒரு சத்தம் கேட்கிறது. டிக். டிக். டிக். ரேடியோவை அணைத்தேன், ஏசியை அணைத்தேன், ஜன்னலை இறக்கினேன். சுவர் ஓரமாகப் போகும்போது தெளிவாகக் கேட்கிறது, திறந்த ரோட்டில் காணாமல் போகிறது.

இந்த வகை எஞ்சின்களில் சிலவற்றில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது பழைய கதை. வாங்கும் முன்பே அதைப் பற்றி ஒரு மாதம் படித்தேன். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை இறக்கி ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொன்னேன், பார்த்தார்கள், சுத்தம் என்றார்கள். சுற்று மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டி எஞ்சின் எத்தனை தடவை சுற்றியது என்பதைக்கூட அதன் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அதையும் எடுத்துப் பார்த்தேன். முந்தைய ஆள் ஒழுக்கமாக ஓட்டியிருக்கிறார். ஆனாலும் டிக்.

படித்தது தப்பு. படிக்காதவன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு போவான்.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னாலிருந்து வெண்புகை ஒரு குப்பென்று. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் யோசித்தேன்: சிலிண்டர்கள் படுத்திருக்கும் எஞ்சின் இது. நிறுத்தி வைத்திருக்கும்போது கொஞ்சம் எண்ணெய் உள்ளே கசிந்து தேங்கும், ஸ்டார்ட் செய்ததும் அது எரியும். எப்போதாவது வந்து அரை நிமிஷத்தில் போய்விட்டால் பயமில்லை. தினமும் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மேல்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையசைத்தேன்.

அம்மா போனில் கண்ணாடிக்கூட்டைக் கேட்டாள். தேடுகிறேன் என்றேன்.

ஜூன் 8, திங்கள்

புகை இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

அம்மாவுக்கு இன்று சோதனைக்கு எடுத்தார்கள். தங்கைதான் அழைத்துப் போனாள். வண்டி தாழ்வு, அம்மாவால் உட்கார முடியாது என்று சொன்னேன். "இப்ப போய் இதை வாங்கினியா அண்ணா" என்று மட்டும் கேட்டாள். ரிசல்ட் வர பத்து நாளுக்கு மேல் ஆகுமாம்.

ராத்திரி கராஜில் உட்கார்ந்து டயர் பக்கச்சுவரைப் படித்தேன். வேறென்ன செய்வது. முன்னால் 235/40, பின்னால் 265/40, எல்லாமே 18 அங்குலம். அளவு வேறு வேறாக இருப்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட வழியில்லை. தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். முன்னிரண்டிலும் 1222: 2022-இன் பன்னிரண்டாவது வாரம். பின்னிரண்டிலும் 3519. ஏழு வருஷம் ஆகப்போகிறது. மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் அங்கே இருப்பதால். ஈர ரோட்டில் வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முந்திக்கொள்ளப் பார்க்கும். படித்தது. செய்து பார்க்கும் எண்ணமில்லை.

ஜூன் 10, புதன்

சின்னவள் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கு வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு, மகாராணி மாதிரி. ஏன் 911 என்று பேர் என்றாள். 1963-இல் காட்டியபோது 901 என்றுதான் வைத்தார்கள், நடுவில் சைபர் வரும் மூன்று இலக்கம் எங்களுடையது என்று பெஜோ கம்பெனி சொன்னதால் சைபரை ஒன்றாக்கிவிட்டார்கள் என்றேன். "ஒரு சைபருக்குச் சண்டையா" என்றாள். பெரியவர்கள் அப்படித்தான் என்றேன்.

டிக் சத்தம் அவளுக்கும் கேட்டதாம். அப்படியென்றால் என் பிரமை இல்லை. நிம்மதியா பயமா தெரியவில்லை.

ஜூன் 12, வெள்ளி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, எல்லாம் என் முட்டாள்தனம்தான்.

காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு அசைவும் இல்லை. ராத்திரி டயர் எண்ணெல்லாம் படிக்கக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்விளக்கை எரியவிட்டிருக்கிறேன், மூன்று நாளாக ஒவ்வொரு ராத்திரியும் இதே வேலை. பேட்டரி செத்துவிட்டது. சரி, இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு எழுப்பலாம் என்றால், பேட்டரி இருப்பது முன் டிக்கிக்குள். முன் டிக்கி திறப்பது மின்சாரத்தில். மின்சாரம் டிக்கிக்குள். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

நல்லவேளை, இதற்கும் யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுக்கலாம். வெளியிலிருந்து பிளஸ்ஸை அதில் கொடுத்து, மைனஸைக் கதவுப் பூட்டின் இரும்பில் பிடித்தால், பூட்டு திறக்கும் அளவுக்கு உயிர் வரும். எஞ்சினை அதில் ஸ்டார்ட் செய்யப் பார்க்கக்கூடாது, டிக்கியைத் திறக்க மட்டும். மேல்வீட்டுக்காரர் தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் தரையில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, அலுவலகச் சட்டையோடு. டக் என்று டிக்கி திறந்தபோது இரண்டு பேரும் கைதட்டினோம். இத்தனை நாளில் அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கேட்டார்: "இதை தினமும் ஓட்டணும்னு எப்படி சார் தோணிச்சு?" ஏதோ சொன்னேன். இப்போது யோசித்தால் சொன்ன பதில் ஞாபகமில்லை. மார்ச்சில் தோன்றியது. அம்மா முதல் தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்த வாரம்.

ஜூன் 13, சனி

மெக்கானிக் அண்ணனிடம் எண்ணெய் மாற்றினேன். இன்னும் ஐயாயிரம் ஓடலாம் என்றார், நான்தான் கேட்கவில்லை. பழைய எண்ணெய் சூடாக வடியும்போது, முதல் வீச்சை விட்டுவிட்டு, நடுவில் ஒரு சின்னப் புட்டியில் பிடித்து லேபுக்கு அனுப்பினேன். எண்ணெயில் கலந்திருக்கும் உலோகத்தை அளந்து சொல்வார்கள். இரும்பு, செம்பு, அலுமினியம், சிலிக்கான், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று. இந்த எஞ்சினின் சிலிண்டர் சுவர் அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கெட்ட செய்தி. சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் வெறும் தூசியாகவும் இருக்கலாம், காற்று ஃபில்டரைப் பார்த்தால் போதும்.

பத்து நாள் என்றார்கள். எல்லா லேபுக்கும் இதே பத்து நாள்தானா?

எட்டு லிட்டர் ஊற்றின பிறகு அளவு பார்க்கலாம் என்றால் குச்சி இல்லை. இந்த மாடலில் எண்ணெய்க் குச்சியையே எடுத்துவிட்டார்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போது, திரை காட்டும் கோடுகளை நம்ப வேண்டும். கொஞ்சம் காத்திரு என்று திரையே சொல்கிறது. இரும்புக் குச்சியைத் துணியில் துடைத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சாமி வரம் கேட்பதுபோல இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

சத்தம் கிடைத்துவிட்டது!

எஞ்சின் சுற்று ஏறினாலும் அது ஏறவில்லை, வேகம் ஏறினால்தான் ஏறுகிறது என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். நியூட்ரலில் உருட்டினாலும் கேட்டது. அப்படியென்றால் எஞ்சினே இல்லை, சக்கரம். முட்டி போட்டுப் பார்த்தால் வலது பின் டயரில் ஒரு ஸ்க்ரூ, தலை மட்டும் தேய்ந்து வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. ஒரு வாரமாக அதைத்தான் நான் சிலிண்டர் சுவர் என்று நினைத்து எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். காற்று இறங்கவில்லை. பிடுங்கினால் இறங்கலாம். ஸ்டெப்னி கிடையாது இந்த வண்டியில், ஒரு டப்பா பசையும் கைக்கம்ப்ரஸரும்தான். அப்படியே விட்டேன்.

மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்க காது எப்பவும் பின்னாடிதான். முன்னாடி நாங்க பேசறதே விழறதில்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முதல் பாதி சிரிப்பு.

ஜூன் 16, செவ்வாய்

ஸ்க்ரூவை எடுத்துவிட்டார்கள். குறுக்காகப் போயிருக்கிறது, உள்ளே எட்டவில்லை. அதை மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 17, புதன்

இன்னொரு சத்தம். வேறு மாதிரி.

ஜூன் 19, வெள்ளி

அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வராமல் எண்ணெய் 80 ஆகட்டும் என்று சுற்றிக்கொண்டே போனேன். 90 ஆயிற்று. ரோடு காலி. இரண்டாவது கியர், மூன்றாவது. 4000 சுற்றுக்கு மேல் குரலே மாறுகிறது. 6800-இல்தான் முழு சக்தியும் வரும் என்பார்கள். முதல் தடவையாக அங்கே போனேன். எத்தனை வினாடி, நான்கு? ஸ்டியரிங்கில் ரோட்டின் ஒவ்வொரு மணலும் கைக்கு வந்தது. இதற்கு அடுத்த தலைமுறையில் ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் வந்துவிட்டது. இதில் இன்னும் எண்ணெய் அழுத்தம்தான். அதற்காகத்தான் இதைத் தேடினேன். பதினேழு நாளில் நான்கு வினாடி.

அந்த நான்கு வினாடியும் எதுவும் காதில் விழவில்லை. டிக் இல்லை, ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது தங்கையிடமிருந்து மூன்று மிஸ்டு கால். அம்மாவை ரிசல்டுக்குத் திங்களுக்குப் பதில் செவ்வாய் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அன்றைக்கு லீவு கிடைக்காது. சரி என்றேன்.

ஜூன் 20, சனி

பழைய காரை வாங்கியவருக்குப் போன் செய்தேன். கண்ணாடிக்கூடு இருக்கிறதாம், எடுத்து வைத்திருக்கிறாராம். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "சத்தமே இல்ல சார்" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

அம்மாவை ஒத்திகைக்கு உட்கார வைத்துப் பார்த்தேன். நேராகக் கால் வைத்தால் முடியாது. முதலில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாகச் சுழற்றி உள்ளே. சீட்டில் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்தேன், வழுக்கிக்கொண்டு திரும்ப. மூன்றாவது தடவை தானாகவே செய்தாள். எடை குறைந்துவிட்டது, அதனால் சுலபம். இதை எழுதியிருக்க வேண்டாம்.

எழும்போதுதான் கஷ்டம். இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். "கிணத்துலேர்ந்து வாளி இழுக்கறா மாதிரி இழுக்கறியேடா" என்றாள்.

கண்ணாடிக்கூட்டைக் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 22, திங்கள்

எண்ணெய் லேபிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஒரு பிடிஎஃப். திறக்கவில்லை. நாளை மற்றது முடியட்டும்.

பின் டயரை மாற்றவேயில்லை. ராத்திரி மழை என்கிறார்கள்.

ஜூன் 23, செவ்வாய்

5.50. மழைதான். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும், ஈரத்தில் மெதுவாகப் போனால் ஐம்பது நிமிஷம், ஏழேகாலுக்குக் கிளம்பினால் போதும். நின்ற இடத்தில் எஞ்சினைச் சூடேற்றுவது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் இப்போதே கீழே போய் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு வந்தேன். உள்ளே குளிராமல் இருக்கட்டும். புகை வந்ததா என்று பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் பை விரித்தாயிற்று. அம்மா எழுந்துவிட்டாள், குழாய்ச் சத்தம் கேட்கிறது.