எங்கள் ஊரில் ஏற்றம் இல்லை, காற்று இருக்கிறது

கோயம்புத்தூர்க்காரர்களோடு சைக்கிள் பேச்சு ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வந்து நிற்பார்கள். சேலம், நாமக்கல் பக்கம் என்றால் கொல்லிமலையின் 70 வளைவு. நாங்கள் சென்னையில் ஓட்டுகிறோம் என்றதும் ஒரு பரிதாபப் பார்வை வரும். "அங்க என்ன சார் இருக்கு, பாலம் ஏறினாத்தானே ஏற்றம்?" உண்மைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரில் கிளம்பினால் மாமல்லபுரம் வரை சொல்லிக்கொள்ளும்படியான மேடு முட்டுக்காடு பாலம்தான், அதையும் பேசிக்கொண்டே கடந்துவிடலாம். ஆனால் ஒரு மார்கழிக் காலையில் மாமல்லபுரத்தில் பொங்கலையும் வடையையும் சாப்பிட்டுவிட்டு வடக்கே திரும்பி மிதித்துப் பாருங்கள், அப்புறம் ஏற்றம் பற்றிப் பேசுவோம்.

எங்கள் குரூப்பில் வெள்ளிக்கிழமை ராத்திரி முதலில் வந்து விழுவது வானிலை ஆப்பின் படம். மழை வருமா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. வடகிழக்குப் பருவக்காற்று நிலைத்துவிட்டால் கார்த்திகை, மார்கழி, தை முழுக்க போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், வரும்போது அதே கை நெஞ்சில் இருக்கும். மாசிக்கு மேல் காற்று தெற்கு, தென்கிழக்காக மாறும், அப்போது போவது கஷ்டம், வருவது சுகம். ஆனி, ஆடியில் விடிகாலையில் மேற்கே இருந்து நிலத்துக் காற்று பக்கவாட்டில் வீசும், ஏழரை மணிக்கே அதில் சூடு ஏறிவிடும். அந்த மாதங்களில் கடற்காற்று சீக்கிரம் வந்து காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், மேலைக்காற்று பலமாக இருக்கும்வரை அது கரையேறாது, மதியம் தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்குள் வீடு சேராதவர்கள் வெந்து போய்த்தான் சேர்வார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் புது சைக்கிளோடு வருகிறவர்களைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோவளம் தாண்டும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம். நெம்மேலி கடல்நீர் ஆலை தாண்டியதும் 32, 33 என்று மீட்டர் காட்டுகிறது, மூச்சு வாங்கவில்லை, இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் விட்டோமே என்று தோன்றும். "காத்து தள்ளுதுங்க" என்று சொன்னால் சிரிப்பார்கள். முதுகில் வரும் காற்று காதில் கேட்காது, அதுதான் அதன் குணம். நாம் அதன் திசையிலேயே போய்க்கொண்டிருப்பதால் சுற்றிலும் அமைதியாக இருக்கும், எல்லாம் தன் காலின் பலம் என்றே படும். திரும்பும்போது வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் கணக்கு தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கு எளிமையானது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, ஆக உடம்பில் மோதுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது, அதனால் அசையாத காற்றில் அதே 20-ல் போகும்போது இருந்ததைப் போல மூன்று மடங்கு தடை. மலைக்கு ஒரு உச்சி உண்டு, அதற்கப்புறம் கை நீட்டி மிதிக்காமல் இறங்கலாம். இதற்கு உச்சியும் இல்லை, இறக்கமும் இல்லை, நீலாங்கரை சிக்னல் வரைக்கும் கூடவே வரும்.

இந்தக் காற்றால்தான் நாங்கள் குரூப்பாக இருக்கிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம். மற்றபடி எங்களைச் சேர்த்து வைக்க எதுவும் கிடையாது. ஒருவர் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர், ஒருவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், ஒரு பல் டாக்டர், ஓ.எம்.ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு மருந்துக் கம்பெனி ரெப், நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சைக்கிளைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால் ஒரே கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் எதிர்காற்றில் முன்னால் ஒருவர் போனால் பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். அதற்கு முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். அவர் திடீரென்று பிரேக் அடிக்க மாட்டார், பள்ளம் வந்தால் விரலை நீட்டிக் காட்டுவார், ராங் சைடில் பைக் வந்தால் கத்துவார் என்று நம்ப வேண்டும். முன்னால் இழுப்பவருக்கு முடியாமல் போனால் முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டுவார், ஒதுங்கிக் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முறை. பேச்சே தேவையில்லை. யார் மூன்று நிமிஷம் இழுக்கிறார், யார் தன் முறை வரும்போது மட்டும் ஷூ லேஸைக் கட்டுகிறார் என்பது இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதை யாரும் சொல்லிக்காட்டுவதும் இல்லை.

போஸ்ட்மாஸ்டர் சார் ஓட்டுவது பழைய கம்பி பிரேக் ரோட்ஸ்டர், எடை இருபது கிலோவுக்குக் குறையாது, கியர் கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார். ரேஸ் சைக்கிள் வைத்திருக்கும் ரெப் தம்பி முதலில் இதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். ஒரு நாள் பட்டிப்புலம் பக்கம் சரியான வாடையில் அவர் பின்னால் போய்ச் சேர்ந்தான், அன்றைக்கு அவர் பின்னால் கிடைத்த நிழலை விட்டு வர மனசில்லை. குனிந்து ஓட்டுகிறவர் தனக்கு வேகம் சம்பாதிக்கிறார், நிமிர்ந்த முதுகு பின்னால் வருகிறவனுக்குத்தான் லாபம். இப்போது எதிர்காற்று நாட்களில் "சார், நீங்க முன்னாடி வாங்க" என்று மரியாதை கூடியிருக்கிறது. அவர் போகிற வேகம் 17தான், இருந்தாலும் அந்த 17 நிலையாக இருக்கும்.

மேடை அலங்காரக்காரர் கதை வேறு. முகூர்த்த நாள் இருக்கும் மாதங்களில் அவரைப் பிடிக்கவே முடியாது, வெள்ளி ராத்திரி முழுக்க ஏதோ ஒரு மண்டபத்தில் ஏணி மேல் இருப்பார். ஆடியிலும் மார்கழியிலும்தான் கல்யாணம் கிடையாது, அப்போதுதான் வருவார். அதிலும் ஆடியில் கோயில் திருவிழா வேலை இழுத்துவிடும், ஆக மிஞ்சுவது மார்கழி. விளைவு என்னவென்றால், அந்த மனிதரைப் பொறுத்தவரை இந்தச் சாலையில் சென்னைக்குத் திரும்புவது என்றாலே எதிர்காற்றுதான், இதற்கு வேறு வடிவம் இருப்பதாக அவருக்குத் தெரியாது. எங்களில் முன்னால் நின்று அதிக நேரம் இழுப்பவரும் அவரே. பங்குனியில் நாங்கள் சிரமமில்லாமல் 30-ல் வீட்டுக்கு வந்ததாக, ஓட்டியதைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா ஆப்பில் பார்த்துவிட்டு, "எல்லாரும் பொய் சொல்றீங்களாடா" என்று குரூப்பில் எழுதினார்.

ஸ்ட்ராவா பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, வைத்திருக்கிறேன் என்றாலும். அது சராசரி வேகத்தைத் தருகிறது, எவ்வளவு எதிர்காற்று, எத்தனை நிமிஷம் முன்னால் நின்றாய், யாருக்குப் பங்க்சர் போட நின்றாய் என்பது அதில் வராது. சராசரியைக் காப்பாற்றுவதற்காகப் பின்னால் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் சில பெரிய குரூப்களில் வந்துவிட்டது. எதிர்காற்றில் ஒருவரை நூறு மீட்டர் பின்னால் விட்டுவிட்டால் அவர் தானாக வந்து சேர்வார் என்பது நடக்காத காரியம், ஒட்டிப் போகும் நிழல் போய்விட்டது, இனி முழுக் காற்றும் அவர் மேல்தான். முதுகுக்காற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பங்க்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. கடற்கரைச் சாலையில் இரண்டு எதிரிகள், லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பித் துண்டு ஒன்று, சீமைக்கருவேல முள் இன்னொன்று. கம்பி கண்ணுக்கே தெரியாது, டயரின் உட்புறம் விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பத்து நிமிஷத்தில் போகும். திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்கு வரும் சாலையில் முள் அதிகம், இரண்டு பக்கமும் நீர் விரிந்து கிடக்கும் அழகைப் பார்த்து ஓரமாக ஒதுங்கினால் மாட்டினோம். வழியில் இருக்கும் பங்க்சர் கடை அண்ணன்களுக்கு மனசிருக்கும், அவர்கள் குழாய் பைக், கார் வால்வுக்குத்தான் பொருந்தும், எங்கள் ஒல்லி பிரெஸ்டா வால்வில் உட்காராது. அதற்கு ஒரு சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் வேண்டும், சட்னிக்கு உப்பு மாதிரி, இருக்கும்போது நினைவில் வராது. டாக்டரம்மா அதைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறார்.

அமெரிக்க நேரப் பெண்ணுக்கு எங்கள் விடிகாலை என்பது வேலை முடிகிற நேரம். நான்கரைக்கு நேராக ஆபீசிலிருந்து வருவாள். நாங்கள் எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டும்போது அவள்தான் முழு விழிப்போடு இருப்பாள், திரும்பும்போது நிலைமை தலைகீழ். எங்கள் காலை டிபன் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு, அதனால் பொங்கல் வேண்டாம், தூக்கம் வந்துவிடும் என்று இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வாள். எதிர்காற்று கடுமையாக இருந்தால் அவளுக்காகவே கோவளத்தில் இடதுபுறம் திரும்பி, கேளம்பாக்கம் போய் ஓ.எம்.ஆர் வழியாக வருவோம். கட்டடங்கள் காற்றை நிறுத்தும், பதிலுக்கு கம்பெனி பஸ்கள் இருக்கும். முன்பெல்லாம் கடற்கரைச் சாலையிலேயே சவுக்குத் தோப்புகள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன, தோப்பு வந்ததும் வேகம் இரண்டு கூடும், தோப்பு முடிந்ததும் மறுபடி குறையும். பல இடங்களில் அவை மனையாகி, காம்பவுண்டு சுவர் மட்டும் இருக்கிறது. சுவரும் தடுக்கும்தான், ஆனால் இடைவெளி வரும் இடத்தில் காற்று பக்கத்திலிருந்து குத்தும், புதியவர்கள் ஆடிப்போவது அங்கேதான்.

எங்களில் இரண்டு பேர் பி.ஆர்.எம் என்கிற, நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போகிறவர்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், சாப்பாடு, பங்க்சர், தூக்கம் எல்லாம் அதற்குள். காற்று அடித்தது என்று யாரும் அரை மணி கூடத் தர மாட்டார்கள். எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. நமக்கு வருஷத்துக்கு ஒரு புதுச்சேரி போதும்.

அதிலும் நாங்கள் செய்வது ஒரு தந்திரம். வாடைக்காற்று இருக்கும் நாட்களில் கிளம்பி, ஒரே திசையில், தெற்கு நோக்கி மட்டும் ஓட்டுவது. மாமல்லபுரம், புதுப்பட்டினம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் இளநீர், மரக்காணம் உப்பளம் என்று 150 கிலோமீட்டர் காற்றே கொண்டுபோய் விட்டுவிடும். நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் ஜல்லியும் தூசியும் பாடாய்ப் படுத்தும், மற்றபடி சுகம். திரும்புவதற்கு ஒரு குட்டி யானை பிடித்துவிடுவோம். சைக்கிள்களுக்கு நடுவே பழைய போர்வையைச் செருகி, கயிறு கட்டுவதில் மேடை அலங்காரக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது, அவர் போடும் முடிச்சு சென்னையில் கத்தரித்துத்தான் அவிழ்ந்தது. போன தடவை டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திரும்ப வண்டியிலதான் போகணும்னா வரும்போதே வண்டியில வந்திருக்கலாமே சார்?" என்றார். போஸ்ட்மாஸ்டர் சார் காற்று, திசை, பருவம் என்று திண்டிவனம் வரை விளக்கிக்கொண்டே வந்தாராம்.

இந்த முறை தேதி இன்னும் முடிவாகவில்லை. பொங்கல் விடுமுறையில் வைக்கலாம் என்று ரெப் தம்பி சொல்கிறான், லீவு சுலபம். ஆனால் தை பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும், அலங்காரக்காரர் வர மாட்டார், அவர் இல்லாமல் கயிறு கட்ட ஆளில்லை. போஸ்ட்மாஸ்டர் சாரோ திரும்பி வருவதையும் மிதித்தே வரலாம், மரக்காணத்தில் ராத்திரி தங்கி மெதுவாக வரலாம் என்று ஒரு பக்கத் திட்டம் எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்கு இதுவரை ஒரே ஒருவர்தான் கட்டைவிரல் போட்டிருக்கிறார், மேடை அலங்காரக்காரர். திரும்பும்போது எதிர்காற்று இருக்குமே என்று நான் கேட்டதற்கு, "எப்பவும் இருக்கறதுதானே" என்கிறார்.