இலவம்பஞ்சில் எண்ணெய் எடுத்துப் பார்த்தேன்

தண்ணீரில் எண்ணெய் கொட்டினால் உறிஞ்சப் போடும் விரிப்புகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வேலை முடிந்ததும் அதுவும் பிளாஸ்டிக் குப்பைதான். அந்த வேலையை இலவம்பஞ்சு செய்யுமா என்று மூன்று வாரமாகச் சோதித்து வருகிறேன்.

முதல் நாள், அகலமான கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, மேலே பழைய சமையல் எண்ணெயை ஊற்றினேன். 1 கிராம் பஞ்சை நன்றாக உதிர்த்துப் போட்டு, 10 நிமிடம் கழித்து வடிகட்டியில் எடுத்தேன். சொட்டுவது நின்றதும் எடை 33 கிராம்! பிழிந்தால் வந்தது கிட்டத்தட்ட எண்ணெய் மட்டுமே. தண்ணீர் சில துளிதான். அதே கிண்ணத்தில் மருந்துக்கடைப் பஞ்சு எண்ணெயும் தண்ணீருமாகச் சேர்த்துக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

இத்தனைக்கும் இரண்டுமே அடிப்படையில் செல்லுலோஸ். ஏன் இந்த வித்தியாசம்? இலவ இழை மெல்லிய சுவருள்ள குழல். உள்ளே பெரும்பகுதி காற்று. பருத்தி இழையிலும் குழல் உண்டு, ஆனால் காய் வெடித்துக் காய்ந்ததும் அது தட்டையாகிவிடும். முதலில் எல்லாம் குழலின் வேலை என்றே நினைத்தேன். இழையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அதைச் சோதிக்க, இரண்டாம் வாரம் கொஞ்சம் இலவம்பஞ்சைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். பஞ்சு முங்கவே மறுத்தது. ஒரு தட்டை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அலசிக் காயவைத்து மறுபடி தண்ணீரில் போட்டால், பாதிக்கு மேல் நனைந்து இறங்கிவிட்டது. குழல் அப்படியேதான் இருக்கிறது, மெழுகுதான் போய்விட்டது. மருந்துக்கடைப் பஞ்சிலும் இதே கதைதான்: பறித்த பருத்தியிலும் மெழுகு உண்டு, அதைக் காரத்தில் வேகவைத்து நீக்கிய பிறகுதான் அது தண்ணீரை உறிஞ்சும் பஞ்சாகிறது. ஆகவே இலவம்பஞ்சைச் "சுத்தம்" செய்யாமலே பயன்படுத்துங்கள். விதையையும் தூசியையும் எடுத்தால் போதும்.

அப்புறம் ஒரு தோல்வி. 5 கிராம் பஞ்சைச் சிறிய துணிப்பையில் திணித்துத் தைத்தேன். அது எடுத்தது வெறும் 60 கிராம் எண்ணெய். பையைப் பெரிதாக்கித் தளர்வாக நிரப்பியதும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. எண்ணெய் குழலுக்குள் மட்டும் போவதில்லை, இழைகளுக்கு நடுவிலும் தங்குகிறது. திணித்தால் அந்த இடம் போய்விடும். பிழிந்து பிழிந்து மறுபடி போட்டதிலும் அதுவேதான்: நான்காம் முறைக்குள் பஞ்சு அமுங்கி, முதல் தடவை எடுத்ததில் பாதிதான் எடுத்தது.

எருக்கம்பஞ்சும் ஒரு கை முயன்றேன். அதுவும் குழல் இழைதான், அதுவும் நன்றாக மிதக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து வந்த இலவம்பஞ்சு நின்றுபோனபோது, உயிர்காப்பு அங்கிகளை நிரப்ப அமெரிக்கப் பிள்ளைகள் எருக்கின் உறவான மில்க்வீட் காய்களைச் சேகரித்தார்கள். எருக்கங்காயைப் பறிக்கும்போது பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் பஞ்சு குறைவாக இருந்ததால் எடை எடுக்கவில்லை. அடுத்த காய்ப்பில் பார்க்க வேண்டும்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: எண்ணெய் ஊறிய பஞ்சைக் குவித்து மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும். குவியலுக்குள் அந்தச் சூடு தங்கினால் தீப்பிடிக்கலாம். நான் மூடியுள்ள தகர டப்பாவில், தண்ணீருக்கடியில் முங்கியிருக்கும்படி கல் வைத்து அழுத்தி வைத்திருக்கிறேன்.